மூன்று ஐபோன், ஒரு குட்டி லென்ஸ், அசல் சினிமாஸ்கோப்!

2015 ஜனவரி. சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ‘டேஞ்சரின்’ முடிந்து பெயர்கள் ஓடுகின்றன. ஐபோனில் எடுத்த படம் என்று அப்போதுதான் அரங்கில் பலருக்கும் தெரிகிறது! அதுவும் ஐபோன் 5எஸ். இந்தப் படப்பிடிப்புக் கதையை எத்தனை தடவை படித்தாலும் எனக்குக் கை பரபரக்கும். வாருங்கள், கேமராவுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிடுவோம்.

இடம் லாஸ் ஏஞ்சல்ஸ், சான்டா மோனிகா பூலவார்டு. இயக்குநர் ஷான் பேக்கர், ஒளிப்பதிவாளர் ரேடியம் சியுங் கையில் இருந்தவை மூன்று போன்கள், ஃபில்மிக் புரோ ஆப், கை நடுக்கத்தை அடக்க ஒரு ஸ்டெடிகாம் ஸ்மூதீ. நடிகைகளைச் சுற்றிச் சுழன்று வரும் ஷாட்டா? பேக்கர் போனோடு சைக்கிளில் ஏறிவிடுவார். தண்டவாளம் இல்லை, டிராலி இல்லை!

நான் சொக்கிப்போனது வேறொன்றில். போன் கேமராவின் மேல் உட்கார்ந்திருந்த குட்டி லென்ஸ். மூன்டாக் லேப்ஸ் அப்போதுதான் உருவாக்கிக்கொண்டிருந்த அனமார்ஃபிக் அடாப்டர் அது. விற்பனைக்கு வரும் முன்பே மாதிரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அகலமான காட்சியைப் பக்கவாட்டில் 1.33 மடங்கு நெருக்கி அது சென்சாருக்குள் அனுப்பும். அப்படியே பார்த்தால் எல்லாரும் ஒட்டடைக்குச்சியாக நெட்டை நெட்டையாக நிற்பார்கள். எடிட்டிங்கில் அதே அளவுக்கு இழுத்துவிட்டால் 16:9 சட்டகம் கிட்டத்தட்ட 2.4:1 ஆகிவிடும். 1953-இல் ‘தி ரோப்’ படத்தையும், 1973-இல் நம்முடைய ‘ராஜராஜ சோழ’னையும் அகலத் திரைக்குக் கொண்டுவந்த அதே சினிமாஸ்கோப் வித்தை, சட்டைப்பையில்!

மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டாலே அந்த அகலம் வந்துவிடுமே என்பார்கள். வரும்தான். பதிவான படத்தில் கால்வாசியை வெட்டி எறிய வேண்டும், அவ்வளவுதான். 5எஸ்ஸில் இருந்ததே 1080 வரிகள். அதில் கால்வாசி போனால் தியேட்டர் திரை தாங்குமா? தவிர, எதிர்வெயில் படும்போது குறுக்கே கோடாக ஓடும் அந்த ஒளிக்கீற்றை லென்ஸ்தான் தரும்.

ஆகவே லென்ஸ் வாங்குகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எடிட்டிங்கில் பிறகு செய்துகொள்ள முடியாத எதை இது செய்கிறது? போனிலேயே வைட் கேமரா நன்றாக இருக்கும்போது மலிவான வைட் லென்ஸ் எதற்கு? மேக்ரோ வேறு விஷயம். எறும்பின் மீசையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க ஆசையிருந்தால் தாராளமாக வாங்கலாம்.

எந்த லென்ஸ் என்பதில் கதைக்கும் பங்குண்டு. 2018-இல் வெளிவந்த ‘அன்சேன்’ படத்தை ஸ்டீவன் சோடர்பெர்க் ஐபோன் 7 பிளஸில் எடுத்தார். மனநல மருத்துவமனைக்குள் அடைபட்ட பெண்ணின் கதை, சட்டகமும் ஒடுக்கமானது. அடுத்த வருடமே ‘ஹை ஃபிளையிங் பேர்ட்’. கூடைப்பந்து உலகம், ஐபோன் 8, இப்போது அனமார்ஃபிக்! ஒரே ஆள், கதைக்குக் கதை வேறு கண்.

வாங்கப் போனால் கிளிப்பை விட, கவரோடு திருகிப் பூட்டும் வகையைக் கேளுங்கள். கிளிப் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் மங்கிவிடும். அனமார்ஃபிக் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலோ, இழுத்துவிட்டதும் கட்டடமெல்லாம் சரிந்து நிற்கும். இன்றைய போன்களில் இன்னொரு கூத்தும் உண்டு: வெளிச்சத்தையும் தூரத்தையும் பார்த்து போன் தானாகவே வேறு கேமராவுக்குத் தாவிவிடும், நீங்கள் மாட்டிய லென்ஸோ பழைய இடத்திலேயே இருக்கும். ஒரே கேமராவில் பூட்டிவைக்கும் ஆப் கட்டாயம் வேண்டும்.

கடையிலேயே ஒரு சோதனை. செய்தித்தாளைச் சுவரில் விரித்து ஒட்டச் சொல்லி, நேராக நின்று ஒரு படம் எடுங்கள். நடுவை எல்லா லென்ஸும் நன்றாகத்தான் காட்டும். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் ஓரத்தில் ஊதாவும் பச்சையும் கசிந்தால் அடுத்த டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள்.