கோழிக் கொழுப்பு: ஹலாலாக இருந்தால் மட்டும் போதுமா?

கோழியின் வயிற்றுப் பகுதியில் மஞ்சளாகத் திரண்டிருக்கும் கொழுப்பை நம்மில் பலர் குப்பையில் போட்டுவிடுகிறோம். மார்க்க முறைப்படி அறுக்கப்பட்ட கோழியின் இறைச்சியைப் போலவே அதன் கொழுப்பும் ஹலால்தான். அதை உருக்கி நெய்ச்சோறுக்கும் குழம்புக்கும் பயன்படுத்தலாம். வீண்விரயத்தை இஸ்லாம் கண்டிக்கிறது. ஆனால் இறைவன் நம்மை உண்ணச் சொல்வது ஹலாலான, தூய்மையான (தய்யிப்) உணவை. கெட்டுப்போன கொழுப்பு தூய்மையான உணவாகாது.

கொழுப்பு ஏன் கெடுகிறது?

மாட்டுக் கொழுப்பில் ஏறத்தாழ பாதி பூரிதக் கொழுப்பு. கோழிக் கொழுப்பிலோ அது மூன்றில் ஒரு பங்குதான். எனவே அது இளகலாக இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் விரைவில் சேர்ந்து சிக்கு வாடை அடிக்கும். வெளிச்சமும் வெப்பமும் இதை வேகப்படுத்தும். செம்பு, இரும்பு ஆகியவையும் அப்படியே. ஆகவே ஈயம் தேய்ந்த செம்புப் பாத்திரத்தில் உருக்க வேண்டாம். எஞ்சிய ஈரமும் இறைச்சித் துணுக்குகளும் கிருமிகள் வளர இடம் தரும்.

உருக்கும் முறை

கொழுப்பைக் கழுவி, சிறு துண்டுகளாக நறுக்கி, எவர்சில்வர் பாத்திரத்தில் சிறிது தண்ணீருடன் குறைந்த தீயில் வையுங்கள். தண்ணீர் முழுதும் வற்றியதும் சடசடப்பு அடங்கும், துண்டுகள் பொன்னிறமாகும். உடனே இறக்கிவிட வேண்டும். கூடுதல் தீயில் கருகவிட்டால் கசப்பேறும். ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வெங்காயம், பூண்டு சேர்த்திருந்தால் ஒரு துண்டுகூட உள்ளே தங்கக் கூடாது.

சேமிக்கும் முறை

நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். மேலே வெற்றிடம் குறைந்தால் காற்றும் குறையும். ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. ஃப்ரீசரில் ஆறு மாதம்வரை வைக்கலாம். எடுக்கும்போது ஈரக் கரண்டி கூடாது. பழைய கொழுப்பின் மீது புதியதை ஊற்றக் கூடாது. பழையதில் தொடங்கிய கேடு புதியதையும் விரைவில் கெடுத்துவிடும்.

பழைய எண்ணெய் போன்ற வாடையோ நாக்கில் காறலோ தெரிந்தால், மீண்டும் காய்ச்சினாலும் அது சரியாகாது. தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

உருக்கிய கொழுப்பை வெளியில் வாங்கினால், அது எந்தக் கோழியிலிருந்து வந்தது, எப்படி அறுக்கப்பட்டது என்று விசாரியுங்கள். உருக்கியபின் பார்வையை வைத்து அதை அறிய முடியாது.