நாத்தங்கால்ல நீந்தி வர்ற ‘பூஞ்சை’

இன்னைக்கு நம்ம தட்டுல இருக்கிற சோத்துல இருந்து கொஞ்சம் பின்னாடி போகலாம். சோத்துக்கு முன்னாடி நெல்லு, நெல்லுக்கு முன்னாடி நாத்து. அந்த நாத்து முளைக்கும்போதே அழுகிட்டா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல ஒரு திருவண்ணாமலை இருக்கு. கிரிவலம் போற ஊர் இல்ல. புரட்டாசி சனிக்கிழமைன்னா கூட்டம் அலைமோதுற சீனிவாசப் பெருமாள் மலை. அங்கிருந்து ராஜபாளையம் வரைக்கும், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துல கண்மாய்த் தண்ணிய நம்பி நெல்லு போடுறாங்க. நாத்தங்கால் போடுற நேரத்துல மழை கொட்டி, தண்ணி வடியாம நின்னா ஆபத்து. சில நாள்லயே விதையைச் சுத்தி பஞ்சு மாதிரி வெள்ளையா படரும், முளை பழுப்பாகி அழுகும்.

ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாத்தங்கால் போதும். அது அழுகிட்டா விதைநெல்லும் போச்சு, அதுவரைக்கும் ஓடின நாளும் போச்சு. மறுபடி விதைச்சா, கடைசித் தண்ணிக்கு கண்மாயில இருப்பு இருக்குமாங்கிறது சந்தேகம்தான்.

இதைப் பண்றது பித்தியம், அக்லியா மாதிரியான உயிரிகள். பார்க்க அச்சு அசல் பூஞ்சை. ஆனா பூஞ்சைக் குடும்பமே கிடையாது! இதோட சொந்தக்காரங்க கடல்ல இருக்கிற பழுப்புப் பாசி. பூஞ்சையோட செல் சுவர்ல கைட்டின் இருக்கும். இதுல செல்லுலோஸ் இருக்கும். இன்னொண்ணு, இதோட வித்துகளுக்கு ரெண்டு வால் உண்டு. தேங்கின தண்ணியில நீந்தியே அடுத்த விதைக்குப் போயிடும். அதனாலதான் பேரே ‘நீர்ப்பூசணம்’.

1845-ல அயர்லாந்து உருளைக்கிழங்கை அழிச்சு, பெரும் பஞ்சத்துக்குக் காரணமானதும் இதே கூட்டம்தான். அந்த அயர்லாந்துல பிறந்த எட்வின் ஜான் பட்லர், பிற்பாடு பீகார்ல இருக்கிற பூசாவுல அரசாங்கப் பூஞ்சையியலாளரா வேலை பார்த்தார். பித்தியம் பத்தி 1907-லயே இங்கிருந்து ஒரு விரிவான ஆய்வு வெளியிட்டார்.

‘சரி, பூஞ்சையா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?’ன்னு கேக்கலாம். மருந்து வாங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். விதைநேர்த்திக்கு நிறைய பேர் வாங்குற கார்பன்டசிம், நிஜப் பூஞ்சைங்களோட ஒரு புரதத்தைப் பிடிச்சு நிறுத்துது. விதையில ஒட்டி வர்ற பல நோய்க்கு அது நல்ல மருந்து. நீர்ப்பூசணத்துக்கிட்ட அது எடுபடாது. நம்ம பாஷையில சொன்னா, விண்டோஸுக்கு எழுதின பேட்ச்சை லினக்ஸ்ல போட்ட கதை. இதுக்குன்னு இருக்கிறது மெட்டலாக்சில் வகை மருந்து. அதையும் வேளாண் அலுவலர்கிட்ட கேட்டுட்டுதான் போடணும்.

ஆனா முதல் வைத்தியம் மண்வெட்டிதான். நீந்துறவனுக்குத் தண்ணி இல்லேன்னா எப்படிப் போவான்?

• உப்புத் தண்ணியில முட்டை மிதக்குற பதம் வந்ததும் விதையைக் கொட்டி, மிதக்கிற சொத்தையைத் தள்ளிடணும். மூழ்கின விதையை நல்ல தண்ணியில கழுவி முளைகட்டணும். சொத்தையிலயும் காயம்பட்ட விதையிலயும்தான் பூசணம் சீக்கிரம் ஏறும்.
• பாத்தியைச் சமமா பரம்படிச்சு, சுத்தி வடிகால் எடுக்கணும். குழி இருந்தா தண்ணி தேங்கும்.
• விதைச்ச 18–24 மணி நேரத்துல தண்ணிய வடிச்சிடணும். அஞ்சு நாள் வரைக்கும் மண்ணு ஈரமா இருந்தாலே போதும். அப்புறம் நாத்து உயரத்துக்கு ஏத்த மாதிரி ஒன்றரை சென்டிமீட்டர்.
• கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து ஊறவைக்கிறது நல்ல காவல். ரசாயன மருந்தையும் அதையும் சேர்த்துக் கலக்கக் கூடாது.

ஊர்ல சித்தப்பா, மாமான்னு யாராவது இந்த வருஷம் நாத்து விடுறாங்கன்னா, இந்த எபிசோடை வாட்ஸ்அப்ல தட்டி விடுங்க. மருந்துக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை வடிகாலைப் பார்க்கச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!