சாட்சி சொல்ல எழாத பிள்ளை

இன்னொரு டீ சொல்லுங்க, அண்ணாச்சி. உங்க தங்கச்சி மகளைப் பற்றிக் கேட்டீங்களே, அது ஒரு டீயில் முடிகிற பேச்சு இல்லை.

பரீட்சை நெருங்கினால் நம்ம பக்கத்துச் சபைகளில் பிள்ளைகளுக்கென்று தனி ஜெபம் உண்டு. பேனாவைக்கூடக் கொண்டுவந்து வைத்து ஜெபிப்பார்கள். அதில் குற்றம் சொல்ல மாட்டேன். பயந்த பிள்ளைக்கு ஒரு கூட்டமே துணை நிற்பது பெரிய தெம்பு. எனக்கு இடறுவது ரிசல்ட்டுக்கு அடுத்த ஞாயிறு. மார்க் எடுத்தவன் எழுந்து சாட்சி சொல்வான். எடுக்காதவள் கடைசி பெஞ்சில் தலை குனிந்திருப்பாள். மார்க் வந்தது கர்த்தருடைய ஆசீர்வாதம் என்றால், வராதது என்ன? இந்தக் கணக்கை அவள் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். ராத்திரி தனியாகப் போட்டுப் பார்ப்பாள்.

உங்க தங்கச்சி மகள் நீட் இரண்டாம் தடவை எழுதுகிறாள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேதத்தையும் மூடி வைத்துவிட்டாள். வீட்டில் அதற்கு விசுவாசக் குறைவு என்று பெயர் வைத்தாயிற்று. உபவாசம் இருக்கச் சொல்கிறார்கள், ஏற்கெனவே சாப்பிடாத பிள்ளையை!

இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் இப்படி இருந்தால் மனச்சோர்வு நோயா என்று டாக்டர் பார்க்க வேண்டும். அந்த நோயில் எதிலும் பிடிப்பு விட்டுப்போகும். பாட்டுக் கேட்பதில், சிநேகிதியோடு பேசுவதில், ஜெபத்திலும்தான். ஜெபிக்காததால் நோய் வந்தது என்று நாம் நினைக்கிறோம். நோய் வந்ததால் ஜெபிக்க முடியாமல் போயிருக்கலாம். பேச்சு சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் மாத்திரை உண்டு. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். நாலு நாள் போட்டுவிட்டு 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

டாக்டரிடம் போனால் விசுவாசம் இல்லை என்றாகிவிடாதா என்கிறீர்கள். வேலூர் சி.எம்.சி யார் கட்டியது? ஐடா ஸ்கடர் என்ற மிஷனரி அம்மா 1900-ல் ஒற்றைக் கட்டில் வைத்துத் தொடங்கியது. அதற்குப் பாகாயத்தில் மனநல மையமும் இருக்கிறது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் கூடத் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம். காய்ச்சலுக்கு அந்த வாசலுக்குப் போகலாம், மனசுக்குப் போகக் கூடாதா?

வேதத்திலேயே பாருங்க. எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாவு வரட்டும் என்று வேண்டிக்கொண்டார். தேவதூதன் வந்து பிரசங்கமா பண்ணினான்? தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் மறுபடி படுத்துவிட்டார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நீ இங்கே என்ன செய்கிறாய் என்ற கேள்வியெல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான்.

14416 என்று ஒரு நம்பர், குறித்துக்கொள்ளுங்க. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்கிற மாதிரி அவள் ஏதாவது சொன்னால் நாளைக்கென்று வைக்காதீங்க. தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்க.

டீக்கு நான் கொடுத்துக்கொள்கிறேன். நீங்க அவளுக்கு ஒரு போன் போடுங்க. மாக் டெஸ்ட் மார்க்கைக் கேட்காதீங்க, சாப்பிட்டாளா என்று கேளுங்க.