கொடைக்கானலில் பருப்பு ஏன் வேக லேட்டாகுது? ஒரே குக்கரில் டின்னர்... கழுவவும் ஒரே பாத்திரம்தான்!

டின்னர் சமைக்க அரை மணி நேரம், சாப்பிட கால் மணி நேரம். அதோட முடிஞ்சுதா என்றால் இல்லை. சிங்க் நிறைய பத்துப் பாத்திரம் காத்திருக்கும். சமவெளியில் இதுவே அலுப்பு. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போகும் கொடைக்கானலில், குழாய்த் தண்ணீரில் கை வைப்பதே தனிச் சோதனை.

வயிறும் நிறைய வேண்டும், பாத்திரமும் குறைய வேண்டும். மலையில் இதற்கு எளிய வழி, எல்லாவற்றையும் ஒரே குக்கரில் சமைப்பது. ஏன் என்பதற்கு அறிவியல் காரணமும் இருக்கிறது.

மலையில் சாதமும் பருப்பும் வேக ஏன் தாமதம்?

உயரம் கூடக் கூட காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். சுமார் 300 மீட்டருக்கு 1 டிகிரி குறையும் என்பது தோராயக் கணக்கு. அடிவாரத்தில் இருக்கும் பழநியில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும். கீழ்ப்பழநி மலையில் 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர்களில் 95 முதல் 97 டிகிரி. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் 93 டிகிரிதான்.

கொதித்த பிறகு அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அந்த 93-ஐத் தாண்டாது. தண்ணீர் வற்றும், கேஸ் தீரும், பருப்பு மட்டும் 'நறுக் நறுக்' என்றே இருக்கும்.

குக்கர் என்ன செய்கிறது?

நீராவியை உள்ளேயே அடைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது. கடல்மட்டத்தில் வழக்கமான குக்கருக்குள் சுமார் 120 டிகிரி வரை வெப்பம் போகும். கொடைக்கானலில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் சில டிகிரி குறைந்து, சுமார் 117 டிகிரி கிடைக்கும். திறந்த பாத்திரத்தின் 93-உடன் ஒப்பிட்டால் இது பெரிய வித்தியாசம்.

ஆனாலும் சென்னை ரெசிபியில் உள்ள நேரம் இங்கே பத்தாது. 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1,000 அடிக்கும் 5 சதவீத நேரம் கூட்டுவது பொதுவான கணக்கு. கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. அதாவது 25 சதவீதம் கூடுதல். கீழே 10 நிமிடம் என்றால் மேலே 12 அல்லது 13 நிமிடம்.

இன்னொரு விஷயம்: முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வையுங்கள். வெயிட் தூக்கியபின் அடுப்பைக் கூட்டினால் உள்ளே சூடு ஏறாது, நீராவிதான் வீணாக வெளியேறும்.

அப்போ என்ன சமைக்கலாம்?

பழநி, ஒட்டன்சத்திரத்தை ஒட்டியிருக்கும் கொங்கு நாட்டின் அரிசி பருப்பு சாதம் இதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. மூன்று பேருக்கு:

ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பை ஒரு கிண்ணத்தில் கழுவி அரை மணி நேரம் ஊற வையுங்கள். குக்கரில் நல்லெண்ணெய் ஊற்றி கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளியுங்கள். தாளிக்கத் தனிக் கரண்டி வேண்டாம். பத்து சின்ன வெங்காயம், புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு ஏழெட்டுப் பல், ஒரு தக்காளி சேர்த்து வதக்குங்கள். கேரட், பீன்ஸ், உரித்த பட்டர் பீன்ஸ் என மலைக் காய்கள் எது இருந்தாலும் ஒரு கைப்பிடி போடலாம். தனியாகப் பொரியல் செய்யும் வேலை மிச்சம்.

பிறகு அரிசி, பருப்பு, மஞ்சள்தூள், உப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். விசில் வந்ததும் சிம்மில் 10 முதல் 12 நிமிடம். அடுப்பை அணைத்து, அழுத்தம் தானாக அடங்கும்வரை விட்டுவிடுங்கள். அந்தச் சூட்டிலும் சாதம் வெந்துகொண்டுதான் இருக்கும்.

அரிசி ஊறிய கிண்ணத்தை ஒரு அலசு அலசி, அதிலேயே தயிர்ப் பச்சடி கலந்துவிடலாம். அப்பளத்தைப் பொரிக்காமல் தணலில் சுட்டால் வாணலி மிச்சம். கடைசியில் ஒரு மலைவாழைப்பழம். அவ்வளவுதான்!

குக்கரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். பருப்பு நுரைத்துப் பொங்கி வெயிட் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அந்தத் துவாரத்தையும் ரப்பர் வளையத்தையும் கழுவிப் பார்ப்பது அவசியம்.

கழுவுவதைச் சுலபமாக்குவது எப்படி?

எண்ணெயிலேயே பாதி வேலை இருக்கிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நெய்யும் குளிரில் கட்டியாகிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். நல்லெண்ணெய் கொடைக்கானல் குளிரிலும் உறையாது. பச்சைத் தண்ணீரிலும் ஓரளவு சுலபமாகப் போகும்.

சாதத்தைப் பரிமாறியதும், குக்கர் சூடாக இருக்கும்போதே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒட்டிய பருக்கை ஊறி, தேய்க்காமலே விட்டு வரும். காயவிட்டால் அதே பருக்கையைச் சுரண்டத்தான் வேண்டும்.

யூஸ் அண்ட் த்ரோ தட்டு வாங்கினால் என்ன?

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டு, சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாமே தடை செய்யப்பட்டவை. வாழை இலையும் மந்தாரை இலையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால், சாப்பிட்ட இலையை இரவில் வாசலில் போட்டுவிடாதீர்கள். கொடைக்கானல் தெருக்களில் காட்டெருமைகள் நடமாடுவது சகஜம். மிச்சச் சாப்பாடு அவற்றை வீட்டுப் பக்கம் இழுத்து வரும். மூடியுள்ள தொட்டியில் போட்டு, காலையில் உரக்குழிக்குக் கொண்டுபோவதே பாதுகாப்பு.

இதனால் யாருக்கு மிச்சம்?

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அப்படி ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். சாதம், சாம்பார், ரசம், பொரியல் என்று முழுச் சாப்பாடு செய்தால் குக்கர், அடுக்குகள், வாணலி, ரசப் பாத்திரம், கரண்டிகள் எனக் குறைந்தது ஏழெட்டு உருப்படி சிங்கில் விழும். ஒரு குக்கர் சாப்பாட்டில் குக்கர், கிண்ணம், கரண்டி என்று மூன்றுதான்.

மூன்றே பாத்திரம் என்றால், 'நான் கழுவுறேன், நீ போய் உட்காரு' என்று சொல்வது வீட்டில் யாருக்குமே கஷ்டமில்லை. இன்று இரவே சொல்லிப் பார்க்கலாம்.