வெலிமடையில் ஒரு சிறு கடல்

பேராதனையிலே புறப்படும் பெருந்தெரு நுவரெலியாவுக்கு ஏறி, வெலிமடைக்கு இறங்கி, பதுளை, பிபிலை எனத் தாழ்ந்து தாழ்ந்து, ஈற்றில் மட்டக்களப்புக்கு அருகே செங்கலடியிற் போய் முடிகிறது. ஆகவே கடலுக்குச் செல்லும் வழி வெலிமடைவாசிகளின் வாசலிலேயே கிடக்கிறது எனலாம். ஆயினும் தேயிலை மலைகளுக்கும் உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கும் இடையே வளரும் பிள்ளைகளுக்குக் கடல் என்பது விடுமுறைக் காலத்து விருந்தாளியே. அந்த விருந்தாளியை வீட்டிலேயே தங்கவைத்தால் என்ன என்னும் ஆசை சில குடும்பங்களில் எழுவது இயல்பு. கப்பியையும் தங்கமீனையும் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துப் பழகியவர்கள் அடுத்து நாடுவது கடல்மீன் தொட்டியைத்தான்.

முடியுமா என்றால், முடியும். ஆனால் மீன் வாங்கப் புறப்படும் முன்னர் ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். இங்கே நாம் வளர்க்கப்போவது மீனையன்று; நீரை. நீர் நன்றாயிருப்பின் மீன் தானே வாழும். நீர் கெட்டதாயின், எத்துணை விலைகொடுத்து வாங்கிய மீனாயினும் ஒரு வாரத்திற்குள் மிதந்துவிடும்.

“அதற்கென்ன, குழாய்த் தண்ணீரில் இரண்டு பிடி உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதா?” என்று கேட்போர் உளர். ஆகாது. ஏன் ஆகாது என்பதை அறிய அம்பாந்தோட்டை உப்பளத்திற்கு ஒருமுறை மனத்தாற் சென்று வருவோம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் நூற்றுக்கு 85 பங்களவில் சோடியமும் குளோரினுமே. எஞ்சியவை சல்பேற்று, மகனீசியம், கல்சியம், பொற்றாசியம் முதலியன. பாத்தியிலே வெயிலிற் காயும்போது முதலிற் படிவது சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், அதன் பின்னரே நாம் உண்ணும் உப்பு. மகனீசிய உப்புகள் கடைசிவரை கரைந்தே நிற்கும். அந்தக் கசப்பு நீரை உப்பளத்தார் வெளியே வடித்துவிடுவர். வடிக்காவிடின் உப்பு கசக்கும். எனவே நம் சமையலறைக்கு வருவது கடலின் ஒரு பங்கேயன்றி முழுக்கடல் அன்று. கறிக்கு நல்லதாகிய அந்தத் தூய்மையே மீனுக்கும் நத்தைக்கும் பற்றாக்குறையாகிறது. போதாததற்கு அயடீனும், கட்டிபிடியாதிருக்கச் சேர்க்கும் பொடியும் அதில் இருக்கக்கூடும்.

ஆகையால் கடல்மீன் தொட்டிக்கென்றே தயாரிக்கப்படும் உப்பையே வாங்குதல் வேண்டும். 60 சென்ரிமீற்றர் நீளமும், 40 அகலமும், 40 உயரமும் உள்ள தொட்டியில் விளிம்புவரை ஊற்றினால் 96 லீற்றர் நீர் கொள்ளும். அதற்கு மூன்றேகால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட உப்பு வேண்டும். இதைத் தொட்டியிலன்றி, உணவுக்குப் பயன்படும் பிளாஸ்டிக் வாளியிலே கரைத்து, ஒரு நாள் முழுதும் கலங்கவிட்டுப் பின்னரே ஊற்றவேண்டும். பால் சேகரிக்கும் நிலையங்களில் பாலின் அடர்த்தியைப் பார்க்கும் பால்மானியை ஊவாவில் அறியாதார் சிலரே. அதே வழியில் கடல்நீருக்கும் ஒரு மானி உண்டு. அது 1.025 அளவில் நின்றால் கடலுக்கு ஒத்தது எனக் கொள்ளலாம்.

மட்டக்களப்புப் பக்கம் போய் உண்மைக் கடல்நீரையே கொண்டுவரலாமே என்பதும் நல்ல யோசனைதான். ஆனால் நூறு லீற்றர் நீர் நூறு கிலோவுக்கு மேல் நிறைகொண்டது என்பதை வண்டிக்காரரிடம் முன்னரே சொல்லிவிடுதல் நலம்! முகத்துவாரத்தின் அருகிலும் துறைமுகத்தின் அருகிலும் அள்ளலாகாது. மாரிமழைக் காலத்தில் ஆற்றுநீர் கலந்து கரையோரக் கடலின் உப்புக் குறைந்துவிடும், அப்பொழுதும் அள்ளலாகாது.

உப்பைப்போலவே அதைக் கரைக்கும் நீரும் முக்கியம். வெலிமடையைப் பொறுத்தவரை இதுவே நுட்பமான இடம். மரக்கறித் தோட்டங்கள் நிறைந்த ஊர். உரமும் பூச்சிமருந்தும் மண்ணில் இறங்கும் ஊர். தோட்டத்தை அடுத்த கிணற்று நீரில் அவற்றின் எச்சம் இருக்கக்கூடும். மனிதர் குடித்துத் தாங்கும் அளவை இறால் தாங்காது. மழைநீர் தூயதே; ஆனால் நாகம் பூசிய தகரக் கூரையில் விழுந்து வருமாயின் அந்த நாகமே நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சாகும். செப்புக் குழாயில் நின்ற நீரும் அவ்வாறே. காய்ச்சி வடித்த நீரோ, நுண்சவ்வு வடிகட்டியூடாக வரும் நீரோ கிடைத்தால் அதுவே உத்தமம். மருந்து தெளித்துவிட்டு வந்த கையைத் தொட்டிக்குள் விடக்கூடாது என்பதைத் தகப்பன்மார் நினைவிற்கொள்வாராக. தொட்டி இருக்கும் அறையில் நுளம்புச்சுருள் கொளுத்துவதையும் மருந்து அடிப்பதையும் அறவே நிறுத்தவேண்டும். காற்றுப் பம்பி அறைக் காற்றையே உறிஞ்சி நீருக்குள் ஊதுகிறது. நுளம்பைக் கொல்வது மீனையும் இறாலையும் விடாது.

தொட்டியும் நீரும் ஆயத்தம். இனி மீன் விடலாமா? இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலோர் இடறுகின்றனர். தெளிந்த நீரைக் கண்டதும் பொறுமை போய்விடுகிறது. மீன் வெளிவிடும் கழிவும், உண்ணாது விடும் இரையும் அமோனியாவாக மாறும். கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உடையதாதலால், அதில் அமோனியாவின் நஞ்சு நன்னீரிற் காட்டிலும் கடுமையானது. அதை உண்டு மாற்றும் பற்றீரியாக்கள் புதுத் தொட்டியிலே போதிய அளவு இரா.

இதனை நம் கமக்காரருக்கு விளக்குதல் எளிது. கிழங்குப் பாத்தியில் யூரியா இட்டால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமோனியாவாக்கி, பின் நைத்திரைற்று ஆக்கி, முடிவில் பயிர் உறிஞ்சும் நைத்திரேற்று ஆக்குகின்றன. தொட்டியிலும் நிகழ்வது அவ்வேலையே. முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அளவோடிருந்தால் பொறுக்கத்தக்கது. அந்த உழைப்பாளிகள் குடியேறுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். குடியிருக்க நுண்துளைகள் உள்ள பொருளும் வேண்டும். மெருகு பூசாத சுட்டமண் துண்டுகள் அதற்குப் போதும். அவற்றை அடுக்கி, நீரை ஓடவிட்டு, ஒரு சிறு துண்டு இறாலை உள்ளே போட்டு அழுகவிடவேண்டும். நாற்றம் சிறிது எழும், பாட்டிமார் முகஞ்சுளிப்பர், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சொட்டுமருந்துச் சோதனைப் பெட்டியால் வாரம் இருமுறை பார்த்துவந்தால் அமோனியா ஏறி இறங்குவதும், அதன்பின் நைத்திரைற்று ஏறி இறங்குவதும் தெரியும். பிள்ளைகளைக்கொண்டே ஒரு கொப்பியில் இதைக் குறித்துவரச் செய்யலாம். இரண்டும் பூச்சியத்துக்கு வந்து, அங்கேயே சில நாள் நின்ற பின்னரே மீனைப் பற்றிய பேச்சு.

குளிரைப் பற்றியும் சொல்லவேண்டும். பவளக்கடல் மீனுக்கு 25 அல்லது 26 பாகை வெப்பம் வேண்டும். வெலிமடையின் மார்கழி, தை மாத இரவுகள் அதற்கு இடங்கொடா. தானே நின்று தானே இயங்கும் சூடாக்கி ஒன்று, நூறு லீற்றருக்கு 100 முதல் 150 வாற்று வரையில், முதல் நாளிலிருந்தே வேண்டும். குளிர்நீரில் பற்றீரியாவும் சோம்பிவிடும். இன்னொன்று பலர் எண்ணிப்பாராதது. ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்றமுக்கம் கடற்கரையிலும் பார்க்கப் பத்தில் ஒரு பங்களவு குறைவு. நீரிற் கரையும் ஒட்சிசனும் அவ்வாறே குறையும். உப்புநீர் இயல்பாகவே நன்னீரிலும் குறைந்த ஒட்சிசனையே கொள்ளும். எனவே கொழும்பு நண்பர் ஒருவர் தம் தொட்டியில் எட்டு மீன் விட்டிருக்கிறார் என்பது மலைநாட்டில் நமக்குக் கணக்கன்று. மீன் குறைவாகவும் நீரின் அசைவு மிகுதியாகவும் இருத்தல் வேண்டும்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தை எவரும் மறந்திரார். அதுபோன்ற வேளைக்கென்று பற்றறியில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றைப் பக்கத்தில் வைத்திருப்பது அவசியம். தொட்டியைச் சுற்றிக் கம்பளி ஒன்றைப் போர்த்திவிட்டால் சூடும் விரைவில் தணியாது. இரை மட்டும் அன்று வேண்டா.

இனி, எந்த மீன்? இவ்விடத்திற் சற்று நின்று பழங்கதை ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். 1853ஆம் ஆண்டு இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களுக்கென ஒரு கண்ணாடி மனை திறக்கப்பட்டது. அதன் பின்னணியில் உழைத்த பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கை நூலறிஞர் 1854இல் கடல்நீர்த் தொட்டியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நூல் பெரும் பரபரப்பாயிற்று. வீடுதோறும் தொட்டி வைக்கும் மோகம் பிடித்தது. டெவன் கரையோரத்துப் பாறைக்குட்டைகளில் மக்கள் கூட்டங்கூட்டமாய் இறங்கிக் கடற்பூக்களையும் நண்டுகளையும் பெயர்த்தெடுத்தனர். பின்னாளில் அவருடைய மகன் எட்மண்ட் கொஸ், 1907இல் வெளியிட்ட தம் நூலிலே, தந்தையின் எழுத்தால் அந்தக் குட்டைகள் வறிதாய்ப்போனதை எண்ணி வருந்தினார். கடலை நேசிக்கக் கற்பித்தவரே அதன் கரையை வெறுமையாக்கக் காரணமானார்.

நம் கரையிலும் அந்த அபாயம் உண்டு. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவை முதலான இடங்களில் பவளப்பாறைகள் வெளுத்துப் பெருமளவு மடிந்தன. அலங்கார மீன் பிடிப்போரிற் சிலர் பவளத்தின்மேல் வலையை விரித்துக் கம்பியாற் கிளறி மீனை விரட்டிய வழக்கமும் இருந்தது. பவளத்தை உடைத்தெடுத்தல் இந்நாட்டுச் சட்டத்திற்கு மாறானது. கடற்கரையில் யாரேனும் உயிர்ப்பாறை என்று கூறிச் சாக்கில் நீட்டினால் வாங்காது திரும்புக. சுட்டமண் துண்டு அழகிற் குறைந்ததாயினும், சில மாதங்களில் பாசியும் சுண்ணாம்புச் செம்மையும் படர்ந்து பார்வைக்கு இதமாகிவிடும்.

மீனிலும் தொட்டியிலே பொரித்து வளர்ந்ததையே தேடி வாங்கவேண்டும். கோமாளி மீனை இவ்வாறு பெருக்கலாம் என்பதைத் தமிழகத்தில் மண்டபத்திலுள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் செய்து காட்டியுள்ளனர். தொட்டியிற் பிறந்த மீன் உலர் இரைக்குப் பழகியது. கண்ணாடிச் சுவருக்கும் அஞ்சாது. கடலிற் பிடித்த வண்ணத்திப்பூச்சி மீன்கள் கண்ணைக் கவரும். ஆனால் அவற்றுட் பல பவள உயிர்களையன்றி வேறெதையும் தின்னாமல் மெலிந்து மாயும். அதைப் பார்த்துக்கொண்டிருத்தல் பிள்ளைகளுக்கும் நல்லதன்று.

கோமாளி மீனிடம் ஒரு விந்தை உண்டு. பிறக்கும்போது யாவும் ஆணே. இரண்டு குஞ்சுகளை ஒன்றாய் விட்டால் பெரியது பெண்ணாக மாறி வீட்டை ஆளத் தொடங்கும். அதற்குக் கடற்பூ இன்றியமையாதது என்று கடைக்காரர் சொல்வதை நம்பவேண்டியதில்லை. கடற்பூவோ வலுத்த ஒளியும் பல மாதம் முதிர்ந்த நீரும் கேட்பது. புதியவர் கைக்கு ஏற்றதன்று.

வாங்கிவந்த மீனைப் பையோடு நீரில் மிதக்கவிட்டு, சூடு ஒத்துவந்த பின்னர், தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, ஒரு மணி நேரமளவில் வலையால் எடுத்து விடுக. பை நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்திற்குள் தின்று முடிக்கும் அளவு இரை போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுக.

ஆடி ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் அந்த உலர்ந்த கச்சான் காற்று, தொட்டி நீரையும் வேகமாய் உறிஞ்சும். நீர் மட்டுமே ஆவியாகும். உப்புப் பின்தங்கி நிற்கும். ஆதலால் குறையை நிரப்ப உப்பு நீரை ஊற்றாது, நல்ல நீரையே ஊற்றவேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, நாள்தோறும் காலையில் அக்கோடுவரை நிரப்பும் பணியை வீட்டின் மூத்த பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். இரண்டு கோமாளி மீன், ஓர் இறால், நான்கைந்து நத்தை: நூறு லீற்றர்க் கடலுக்கு மலைநாட்டில் இவ்வளவே குடிமக்கள். மூன்றாவது மீனுக்கு அதில் இடமில்லை.