எச்சரிக்கும் வெப்பங்காட்டி

பாலை 72 டிகிரி செல்சியசில் 15 விநாடிகள் வைத்திருந்தால் அதிலுள்ள நோய்க்கிருமிகள் மடிகின்றன. பால் பதப்படுத்தும் ஆலைகளில் இவ்வெப்பத்தைக் காவல் காப்பது, அபாய மணியுடன் கூடிய வெப்பங்காட்டியாகும். அதனை அமைக்கும் முறையைக் காண்போம்.

முதலில் உணர்கருவியின் வகையைக் கருவியில் பதிய வேண்டும். பிளாட்டினக் கம்பியாயின், அதன் மின்தடை 0 டிகிரியில் 100 ஓம். 100 டிகிரியில் 138.5 ஓம். வகை தவறினால் காட்டும் எண்ணும் தவறும்.

அடுத்து, வெப்பம் 72க்குக் கீழே இறங்கினால் மணி ஒலிக்குமாறும், 73ஐத் தொட்ட பின்பே ஓயுமாறும் அமைத்தல் வேண்டும். இவ்விடைவெளி இல்லையேல், எல்லையருகே வெப்பம் சற்றே அசையும்போதெல்லாம் மணி விட்டுவிட்டு ஒலிக்கும். கேட்பவரும் நாளடைவில் அலட்சியம் கொள்வர்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. உணர்கருவியின் கம்பி அறுந்தால் மின்தடை அளவின்றி உயரும். கருவியோ அதனை மிகுந்த வெப்பமென்று கொள்ளக்கூடும். பால் குளிர்ந்திருக்க, மணி மௌனமாயிருக்கும்! ஆகவே, கம்பி அறுந்தாலும் மணி ஒலிக்குமாறு அமைப்பது இன்றியமையாதது.

இறுதியில், உணர்கருவிக்குப் பதிலாக 127.84 ஓம் மின்தடையை இணைத்தால் கருவி 72 காட்ட வேண்டும். பின்னர் இணைப்பைக் கழற்றி மணியைச் சோதிக்க வேண்டும். ஒலிக்கக் கேட்ட மணியையே நம்பலாம்.