ஒட்டிக்கொள்ளும் எஃகு

கோயம்புத்தூரிலோ அம்பத்தூரிலோ ஓசூரிலோ ஒரு நல்ல டூல்ரூமுக்குள், அதாவது கருவிகள் செய்யும் பட்டறைக்குள், போய்ப் பாருங்கள். சிஎன்சி எந்திரங்கள் இரையும் கூடத்தைத் தாண்டி, கதவு எப்போதும் சாத்தியே இருக்கும் ஒரு குளிரூட்டிய அறை இருக்கும். உள்ளே கருங்கல் சர்ஃபேஸ் பிளேட், அதன் பக்கத்தில் குழிகுழியாகச் செதுக்கிய ஒரு மரப்பெட்டி. ஒவ்வொரு குழியிலும் கண்ணாடிபோல் மின்னும் ஓர் எஃகுக் கட்டை. ஸ்லிப் கேஜ் என்பார்கள். நகரும் பாகம் கிடையாது, பேட்டரி கிடையாது, திரை கிடையாது. ஆனால் வெளியே ஓடும் அத்தனை எந்திரங்களும் உருவாக்கும் பொருள்கள் சரியா தவறா என்ற கேள்வி இந்தப் பெட்டியில்தான் வந்து நிற்கிறது. ஒரு தொழிற்சாலையில் முதலில் பார்க்க வேண்டியது எதுவென்று கேட்டால் ரோபோவை விட்டுவிட்டு இதைத்தான் காட்டுவேன்.

இரண்டு கட்டைகளை எடுத்துத் துடைத்து, முகத்தோடு முகம் குறுக்காக வைத்து, லேசாக அழுத்தி, திருகினாற்போல் நேராக்குங்கள். இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பசை இல்லை, காந்தமும் இல்லை. மேல் கட்டையைப் பிடித்துத் தூக்கினால் கீழ்க் கட்டையும் கூடவே வரும். டூல்ரூம்காரர்கள் இதை ரிங்கிங் என்பார்கள். முதல்முறை பார்க்கும் டிப்ளமோ மாணவர்கள் காற்றழுத்தம்தான் காரணம் என்று சொல்வதுண்டு. கணக்குப் போட்டால் அது போதாது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடை அளவுக்குக் காற்று அழுத்துகிறது. 9 மில்லிமீட்டருக்கு 30 மில்லிமீட்டர் முகம் கொண்ட கட்டையைப் பிரிக்க, அந்தக் கணக்கில் மூன்று கிலோ விசைகூடத் தேவையில்லை. நன்றாக ஒட்டிய கட்டைகளோ அதைப்போல் பத்து மடங்கு விசையைத் தாங்கும். காற்றே இல்லாத வெற்றிடத்திலும் ஒட்டியபடியே இருக்கும்.

காரணம் முகங்களின் சமதளம். அவற்றின் மேடுபள்ளம் மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குள் அடங்கிவிடுகிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான் என்றால் மீதியை யோசித்துக்கொள்ளலாம். அவ்வளவு நெருங்கிய இரண்டு பரப்புகளில், ஒரு பக்கத்து மூலக்கூறுகள் மறுபக்கத்து மூலக்கூறுகளை இழுக்கும் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. துடைத்த பிறகும் தங்கிவிடும் எண்ணெயும் ஈரமும் நடுவில் ஒரு மெல்லிய படலமாகி அந்தப் பிடிப்பைக் கூட்டுகின்றன. படலத்தின் தடிமன் 25 நானோமீட்டருக்குள் இருக்கும். ஆகவே நான்கு கட்டைகளை அடுக்கினாலும், நீளங்களை அப்படியே கூட்டிக்கொள்ளலாம். இடைவெளி என்று ஒன்று கணக்கில் வருவதில்லை.

கூட்டிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெரிய கண்டுபிடிப்பு. அது கார்ல் எட்வர்ட் யோஹான்சன் என்ற ஸ்வீடன்காரருடையது. எஸ்கில்ஸ்டூனா ஊரின் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மவுசர் துப்பாக்கிகளை உள்நாட்டிலேயே செய்ய ஸ்வீடன் தீர்மானித்தபோது, அந்த வேலையைப் பார்த்து வர ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் இருந்த மவுசர் தொழிற்சாலைக்குப் போன குழுவில் அவரும் இருந்தார். அங்கே ஒவ்வொரு பாகத்தின் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி கேஜ் வைத்திருந்தார்கள். வடிவம் சற்று மாறினால் கேஜ்களையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரு கேஜ் ஓர் அளவைத்தான் சொல்லும்.

1896இல் அவருக்குத் தோன்றிய யோசனை எளிது. மொத்தம் 102 கட்டைகள். 1.01 முதல் 1.49 மில்லிமீட்டர் வரை நூறில் ஒரு பங்காக ஏறும் 49 கட்டைகள், 0.5 முதல் 24.5 வரை அரை மில்லிமீட்டராக ஏறும் 49 கட்டைகள், பிறகு 25, 50, 75, 100 என்று நான்கு. இவற்றைச் சேர்த்து ஒட்டினால் 1 மில்லிமீட்டரிலிருந்து 201 மில்லிமீட்டர் வரை, 0.01 இடைவெளியில், சுமார் 20,000 அளவுகள் கிடைக்கும். 73.86 வேண்டுமா? கடைசி இலக்கத்திலிருந்து தொடங்குங்கள். 1.36 எடுத்தால் 72.5 மிச்சம். அதில் 22.5 போனால் 50. மூன்றே கட்டைகளில் முடிந்தது. இன்றைய பெட்டிகளில் மைக்ரான் இலக்கத்துக்கும் கட்டைகள் உண்டு என்றாலும், கடைசி இலக்கத்தை முதலில் தீர்க்கும் அந்த முறை மாறவில்லை.

யோசனை எளிது, செய்வது அப்படியல்ல. கடினமாக்கிய எஃகு நாளடைவில் தானாகவே நீளும், சுருங்கும். அதை முதலில் அடக்க வேண்டும். பிறகு மைக்ரானுக்கும் கீழே தேய்த்து முடிக்க வேண்டும். அதற்கு யோஹான்சனின் வீட்டில் இருந்தது மனைவியின் சிங்கர் தையல் எந்திரம். அதையே தேய்த்து மெருகேற்றும் லேப்பிங் எந்திரமாக மாற்றிக்கொண்டார். 1901இல் ஸ்வீடனில் காப்புரிமை கிடைத்தது. 1923இல் ஹென்றி ஃபோர்டின் நிறுவனத்தில் சேர்ந்து, அங்கே கட்டைகளைச் செய்தார். ஒரு தொழிற்சாலையில் செய்த பிஸ்டன் இன்னொரு தொழிற்சாலையில் செய்த சிலிண்டருக்குள் அரத்தைத் தொடாமலே இறங்க வேண்டுமானால், இரண்டு இடத்திலும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஃபோர்டுக்கு அந்தத் தேவை நன்றாகவே புரிந்திருந்தது.

அங்குலம் இன்று துல்லியமாக 25.4 மில்லிமீட்டராக இருப்பதிலும் யோஹான்சனுக்குப் பங்கு உண்டு. அப்போது பிரிட்டிஷ் அங்குலம் 25.4க்கு ஒரு துளி கீழேயும் அமெரிக்க அங்குலம் ஒரு துளி மேலேயும் இருந்தன. அவர் நடுவில் 25.4 என்று வைத்துத் தன் அங்குலக் கட்டைகளைச் செய்தார். தொழிற்சாலைகள் அவற்றை வாங்கின. 1959இல் அரசுகள் ஒப்புக்கொண்ட எண்ணும் அதுவே.

இனி வெப்பம். நம் ஊரில் இதைப் பேசாமல் அளவைப் பற்றிப் பேசவே முடியாது. ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 11.5 மைக்ரான் நீளும். அலுமினியம் அதைப்போல் இரு மடங்கு நீளும். ஆகவே எந்த வெப்பநிலையில் என்று சொல்லாத நீளம் அரைகுறை நீளம். 20 டிகிரி என்று உலகம் ஒப்புக்கொண்டது 1931இல். யோஹான்சன் தன் கட்டைகளுக்கு வைத்திருந்ததும் 20தான்.

சென்னையில் மே மாத மதியம், பட்டறைக்குள் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிமீட்டர் எஃகுப் பாகத்தை எஃகுக் கட்டையோடு ஒப்பிட்டால் பெரிய பிழை வராது. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நீண்டிருக்கும். பாகம் அலுமினியமாக இருந்தால் அது கட்டையைவிடச் சுமார் 17 மைக்ரான் கூடுதலாக நீண்டிருக்கும். டீசல் இன்ஜெக்டரின் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே விடும் இடைவெளியே இரண்டு மூன்று மைக்ரான்தான். 17 மைக்ரான் அங்கே மலையளவு. கையில் பிடித்துப் பார்த்தாலே விரலின் சூடு கட்டைக்கு ஏறிவிடும். அதனால்தான் அந்த அறையின் கதவு சாத்தியே இருக்கிறது. அளக்க வந்த பாகத்தைக் கருங்கல்லின் மேல் மணிக்கணக்கில் ஆறவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் ஒட்டிய கட்டைகளைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் பூசி வைக்கிறார்கள். மறந்துபோய் நாள்கணக்கில் ஒட்டவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. ஈரக்காற்றுக்குத் துருப்பிடிக்காத பீங்கான் கட்டைகளும் இப்போது உண்டு. கடலோர ஊர்களுக்கு அவை நல்ல துணை.

சரி, கட்டையின் நீளத்தைச் சொல்வது யார்? ஒளி. கட்டையை ஒரு சமதளத் தட்டின் மேல் ஒட்டவைத்து மேலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். தட்டில் பட்டுத் திரும்பும் அலையும் கட்டையின் உச்சியில் பட்டுத் திரும்பும் அலையும் வேறு வேறு தூரம் போய் வந்திருக்கும். ஒன்றோடொன்று சேரும்போது கருப்பும் வெளிச்சமுமாகப் பட்டைகள் தோன்றும். தட்டின் மேல் விழும் பட்டைகளுக்கும் கட்டையின் மேல் விழும் பட்டைகளுக்கும் உள்ள விலகலையும் கட்டையின் தோராய நீளத்தையும் வைத்து, நீளத்தில் எத்தனை அரை அலைகள் அடங்கியுள்ளன என்று கணக்கிடலாம். சிவப்பு ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் சுமார் 633 நானோமீட்டர். 1983 முதல் மீட்டர் என்பதே ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடியில் செல்லும் தூரத்தில் 299,792,458இல் ஒரு பங்கு. நம் நாட்டில் அந்த மீட்டரை லேசர் வழியாக உருவாக்கி வைத்திருப்பது புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். பட்டறையில் இருக்கும் கட்டைக்கு வரும் சான்றிதழ் படிப்படியாக அங்கே போய்ச் சேர வேண்டும்.

இன்று பொறியாளர்கள் கூடினால் பேச்சு 3டி பிரிண்டிங்கில்தான் போய் நிற்கிறது. அந்த உற்சாகம் நியாயமானது. லீப் விமான எஞ்சினின் எரிபொருள் நாசிலில், முன்பு சுமார் இருபது பாகங்களைச் சேர்த்துப் பற்றவைத்துச் செய்த நுனியை ஜிஇ நிறுவனம் ஒரே பாகமாக அச்சிடுகிறது. சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல், ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு சோதனை ராக்கெட்டை ஏவியது.

ஆனால் லேசர் உருக்கி அடுக்கடுக்காக வளர்த்த உலோகம் ஆறும்போது இழுபட்டு வளையும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். இன்னொரு பாகத்தோடு பொருந்த வேண்டிய முகங்களைப் பிறகு எந்திரத்தில் ஏற்றிக் கடைந்துதான் ஆக வேண்டும். உள்ளே வளைந்தோடும் குளிரூட்டும் வழிகளுக்குள் எந்த அளவுகோலும் நுழையாது. அதனால் எக்ஸ்ரே சிடி எடுத்துத்தான் பார்க்கிறார்கள், மருத்துவமனையில் எடுப்பதுபோலவே. அந்தப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் உண்மையில் ஒரு மில்லிமீட்டர்தானா? அதைச் சோதிக்க, நடுவே உள்ள தூரம் நன்கு தெரிந்த சிறு கோளங்களை வைத்துப் படம் எடுக்கிறார்கள். அந்தத் தூரத்தை அளந்தது சிஎம்எம் எனப்படும் ஆய அளவீட்டு எந்திரம். சிஎம்எம்மைச் சோதித்தவை மரப்பெட்டியில் இருப்பவற்றைப் போன்ற கட்டைகள்.

எனவே அச்சிடப்போகும் பாகத்தைத் திரையில் வரையும் இளம் பொறியாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். வளைவுகளை எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் பாகத்தைப் பிடித்து நிறுத்தவும் அளவை எங்கிருந்து தொடங்குவது என்று காட்டவும் கடையக்கூடிய தட்டையான முகங்களை முதலிலேயே விட்டுவையுங்கள். அவை இல்லாமல் வந்த பாகத்தைக் கருங்கல்லின் மேல் எப்படி உட்காரவைப்பது என்பதே அந்தக் குளிர் அறையில் இருப்பவர்களுக்குப் பாதி நாள் வேலையாகிவிடும்.